கறுத்த ஒயில் கெட்ட ஒயிலா? – எஞ்சின் ஒயிலைப் பரிசோதித்து மாற்றும் காலத்தை அறிதல்

காரின் எஞ்சின் ஒயிலை எத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்? நான் வசிக்கும் தென் இலண்டன் மோர்டனில் இந்தக் கேள்விக்குக் குறைந்தது மூன்று விடைகள் கிடைக்கும். பக்கத்துக் கராஜில் கேட்டால், "அண்ணை, ஆறாயிரம் மைல் இல்லாட்டி ஆறு மாதம், எது முந்துதோ அது" என்பார்கள். காரோடு வந்த கையேடு ஒரு வருடம் என்று சொல்லும். சில கார்களில் இரண்டு வருடம் என்றுகூடச் சொல்லும். ஊரில் லொறி ஓடிய பெரியவர் யாரையாவது கேட்டால், டிப்ஸ்டிக்கை இழுத்து, ஒயிலை இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, "கறுத்துப் போச்சு, மாத்து தம்பி" என்பார்.

மூவரும் தங்கள் தங்கள் அனுபவத்தில் நின்று பேசுகிறார்கள். ஆனால் மூவரில் ஒருவரும் அந்த ஒயிலை அளந்து பார்க்கவில்லை. நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. ஓடிய ஒயிலில் ஒரு சின்னப் போத்தல் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அதன் நிலையையும் அது சுமந்து வந்த உலோகத் துகள்களையும் அளப்பிப்பது. மனிதருக்கு இரத்தப் பரிசோதனை எப்படியோ, எஞ்சினுக்கு அப்படி. நான் மெக்கானிக் அல்ல. சில ஆண்டுகள் எங்கள் வீட்டுக் காரின் ஒயிலை இப்படி அனுப்பிப் பார்த்தவன். அந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அல்ல. 2023 ஆகஸ்ட் 29ஆம் திகதி முதல் இலண்டனின் மிகக் குறைந்த புகை வலயம் மோர்டன் உட்பட முழு நகரத்துக்கும் விரிவாக்கப்பட்டது. தரத்துக்கு உட்படாத காரை ஓட்டினால் நாளுக்கு 12.50 பவுண் கட்டவேண்டும். பெரும்பாலும் 2015 செப்டெம்பருக்கு முந்திய டீசல் கார்கள் இதில் அகப்பட்டன. பெற்றோல் கார்கள் ஏறக்குறைய 2006க்குப் பிந்தியவையாக இருந்தால் தப்பின. இதனால் நம்மவர் பலர் டீசல் காரைக் கொடுத்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வயதான பெற்றோல் காருக்கு மாறினார்கள். அப்படி வாங்கும்போது எல்லோரும் தேடுவது "குறைந்த மைல் ஓடிய கார்". குறைந்த மைல் என்றால் நல்ல எஞ்சின் என்பது நம் கணக்கு. ஒயில் பரிசோதனை முதலில் அசைப்பது இந்தக் கணக்கைத்தான்.

ஒயில் எப்படிக் களைக்கிறது?

எஞ்சின் ஒயிலுக்கு உராய்வைக் குறைப்பது ஒரு வேலை மட்டுமே. சூட்டைக் கடத்துவதும், எரிதலில் உண்டாகும் அமிலங்களை நடுநிலையாக்குவதும், கரியையும் பிசினையும் ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு மிதக்க வைத்திருப்பதும் அதன் வேலைகள்தான். இதற்காக அடிப்படை எண்ணெயோடு பலவகை இரசாயனச் சேர்க்கைகள் கலக்கப்படுகின்றன. சேர்க்கைகள் தீர்ந்தால் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். ஆனால் எஞ்சின் ஒயிலாக இருக்காது.

இப்போது நிறத்துக்கு வருவோம். ஒயில் கறுப்பது பெரும்பாலும் அது கரியைப் பிடித்து வைத்திருப்பதால். தரை துடைத்த துணி அழுக்காக இருந்தால் துணி வேலை செய்திருக்கிறது என்று பொருள். டீசல் காரில் புதிய ஒயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். அதற்காக அதை யாரும் ஊற்றிவிடத் தேவையில்லை. மறுபக்கத்தில், தேன் நிறத்தில் அழகாக இருக்கும் ஒயில் பெற்றோல் கலந்து தண்ணீராகியிருக்கலாம். கண்ணுக்கு அது தெரியாது.

ஒயிலின் எதிரிகள் நான்கு: வெப்பம், அமிலம், எரிபொருள், தண்ணீர். முதல் இரண்டும் ஓடும் தூரத்தோடு வளர்பவை. பின் இரண்டும் தூரத்தைவிடப் பயணத்தின் விதத்தோடு தொடர்புடையவை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குளிர்காலக் காலையில் புகைக்குழாயில் சொட்டும் நீர் அதுதான். எஞ்சின் சூடாக இருந்தால் இந்த நீர் ஆவியாக வெளியே போய்விடும். குளிர்ந்திருக்கும்போது அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஒயிலோடு சேர்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு அதிகமாகப் பாய்ச்சப்படும் பெற்றோலில் எரியாத மிச்சமும் அதே வழியில் இறங்குகிறது.

நீண்ட பயணம் போனால் ஒயில் நன்றாகச் சூடாகி, இறங்கிய நீரையும் பெற்றோலின் பெரும் பகுதியையும் ஆவியாக்கி விரட்டிவிடும். ஆனால் கூலன்டின் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதால் ஒயிலும் சூடாகிவிட்டது என்று எண்ணக்கூடாது. ஒயிலுக்கு இன்னும் நேரம் வேண்டும். மோர்டன் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட அரை மைல். மத்தியானம் மிச்சத்தில் மரக்கறி வாங்க இரண்டு மைல். பின்னேரம் ரூட்டிங்குக்கு மூன்று மைல், அதுவும் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு நின்று நின்று. ஒவ்வொரு முறையும் எஞ்சின் குளிரில் தொடங்கிக் குளிர் முழுதும் ஆறுமுன் நின்றுவிடுகிறது. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் வெண்மஞ்சளாகத் தயிர்போல் ஒன்று ஒட்டியிருப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அது நீரும் ஒயிலும் கடைந்து உண்டான பசை.

இரயில் பாதையில் பிறந்த கலை

ஓடிய ஒயிலைப் பரிசோதித்து எஞ்சினின் உடல்நிலையை அறியும் முறை கார்களுக்காகப் பிறந்ததல்ல. 1946இல் அமெரிக்காவின் டென்வர் அன்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் இரயில் கம்பனியின் ஆய்வுகூடம், தன் டீசல் எஞ்சின்களின் ஒயிலில் இருந்த உலோகங்களை அளந்து பழுதுகளை முன்கூட்டியே கண்டுபிடித்தது. 1950களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை இதை விமான எஞ்சின்களுக்காக ஆராயத் தொடங்கியது. வானில் எஞ்சின் நின்றால் ஓரமாக நிறுத்திப் பார்க்க முடியாது அல்லவா? பிறகு தரைப்படையும் விமானப்படையும் சேர்ந்து, மூன்று படைகளுக்கும் பொதுவான ஒயில் ஆய்வுத் திட்டம் உருவானது.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. 1950களின் பிற்பகுதியில் ஆல்கோ வகை டீசல் எஞ்சின்கள் இந்தியாவுக்கு வரத் தொடங்கின. அவற்றைப் பராமரித்த டீசல் பணிமனைகளில் ஒயில் ஆய்வுகூடம் வழமையான ஓர் அங்கமாயிற்று. தமிழ்நாட்டில் ஈரோட்டிலும் திருச்சி பொன்மலையிலும் இத்தகைய பணிமனைகள் உண்டு. ஒரு எஞ்சினின் ஒயிலில் கூலன்ட் நீர் கலந்திருக்கிறதா, பெயாரிங் உலோகம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை மறுபடி பாதைக்கு விடுவார்கள்.

இரயில் எஞ்சின் ஒன்றில் ஒயில் பல நூறு லீற்றர் பிடிக்கும். அதை வீணே மாற்றுவது பெரும் செலவு. ஆகவே அங்கே பரிசோதனை உடனே இலாபம் தருகிறது. நம் காரில் இருப்பது நாலு அல்லது ஐந்து லீற்றர். பரிசோதனைக் கட்டணமே அந்த ஒயிலின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். அப்படியானால் கார்க்காரர் எதற்காக இதைச் செய்யவேண்டும்? இந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

அறிக்கையில் என்ன இருக்கும்?

ஆய்வுகூடம் அனுப்பும் தாளில் மூன்று பகுதிகள் இருக்கும்.

முதலாவது, தேய்மான உலோகங்கள். நிறமாலைமானி என்ற கருவியில் ஒயிலை மிகப் பெரும் வெப்பத்தில் எரிக்கும்போது ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய நிறத்தில் ஒளிரும். அந்த ஒளியின் அளவைக் கொண்டு எந்த உலோகம் எவ்வளவு என்று கணிப்பார்கள். அலகு பி.பி.எம்., அதாவது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இரும்பு சிலிண்டர் சுவர், கிராங்க் தண்டு, காம் தண்டு, சங்கிலி ஆகியவற்றிலிருந்து வரும். அலுமினியம் பிஸ்டனிலிருந்து. குரோமியம் பிஸ்டன் வளையங்களிலிருந்து. செம்பும் வெள்ளீயமும், பழைய கார்களில் ஈயமும், பெயாரிங்குகளிலிருந்து.

இரண்டாவது, வெளியிலிருந்து வந்த மாசுகள். சிலிக்கன் ஏறியிருந்தால் எயார் ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போகிறது என்ற சந்தேகம் எழும். எஞ்சினை அண்மையில் கழற்றிப் பூட்டியிருந்தால் ஒட்டுப்பசையிலிருந்தும் சிலிக்கன் வரலாம். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் கூலன்ட் கசிகிறதா, ஹெட் காஸ்கெட் போகிறதா என்று பார்க்கவேண்டும். எரிபொருள் எத்தனை வீதம், தண்ணீர் உண்டா என்பதும் இந்தப் பகுதியில்தான்.

மூன்றாவது, ஒயிலின் சொந்த நிலை. இதில் முக்கியமானது 100 பாகை செல்சியசில் அதன் பாகுநிலை. 5டபிள்யூ-30 என்று போத்தலில் போட்டிருக்கிறதே, அதில் 30 என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. அந்த வெப்பநிலையில் அதன் பாகுநிலை 9.3க்குக் குறையாமலும் 12.5ஐ எட்டாமலும் இருக்கவேண்டும், அலகு சென்டிஸ்ரோக். 9.3க்குக் கீழே போனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 30 இப்போது 20 ஆகிவிட்டது. அடுத்தது கார எண். அமிலத்தை எதிர்க்க ஒயிலில் இன்னும் எவ்வளவு பலம் மீந்திருக்கிறது என்பதை அது காட்டும். கார எண் இறங்கிக்கொண்டே வரும். அமில எண் ஏறிக்கொண்டே வரும். இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு ஒயிலைக் கொண்டுபோகக்கூடாது. பிரித்தானியாவில் பெற்றோலிலும் டீசலிலும் கந்தகம் 2009 முதல் 10 பி.பி.எம். அளவுக்குக் குறைக்கப்பட்டுவிட்டது. கந்தக அமிலம் குறைந்ததால் கார எண் முன்னைப்போல் வேகமாக இறங்குவதில்லை. அந்தக் காலத்து மூவாயிரம் மைல் கணக்கு இன்று பொருந்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நியூயோர்க் டாக்சிகள் சொன்னது

ஒயில் மாற்றும் காலத்தைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்க நுகர்வோர் இதழான 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' நியூயோர்க் நகரின் 75 டாக்சிகளில் எஞ்சின்களைப் புதிதாக்கிப் பூட்டி, ஒவ்வொன்றையும் 60,000 மைல் ஓடவிட்டது. சிலவற்றில் 3,000 மைலுக்கு ஒருமுறையும் மற்றவற்றில் 6,000 மைலுக்கு ஒருமுறையும் ஒயில் மாற்றினார்கள். கடைசியில் எஞ்சின்களைக் கழற்றித் தேய்மானத்தை அளந்தபோது இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 1996 ஜூலை இதழில் இதன் முடிவு வெளியானது. நெரிசலில் இரவு பகலாக ஓடும் டாக்சிக்கே 6,000 மைல் போதும் என்றால், வீட்டுக் காருக்குச் சொல்லவா வேண்டும் என்று பலர் முடிவு கட்டினார்கள்.

இங்கேதான் நிதானம் வேண்டும். டாக்சியின் எஞ்சின் ஓயாமல் ஓடுகிறது. ஒரு சாரதி இறங்க மற்றவர் ஏறுகிறார். அது குளிர்வதற்கு நேரமே இல்லை. அதன் ஒயிலில் தண்ணீரும் பெற்றோலும் தங்குவதில்லை. நெரிசலில் ஓடுவதால் டாக்சியின் வாழ்க்கை கடினமானது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒயிலைக் கேட்டால், நாளுக்கு ஆறுமுறை குளிரில் தொடங்கி ஆறுமுறை பாதி சூட்டில் நிற்கும் வீட்டுக் காரின் வாழ்க்கைதான் கடினமானது என்று சொல்லும்.

மோர்டனில் இரண்டு கார்கள்

இதை நான் 2018இல் நேரில் பார்த்தேன். என் பெற்றோல் காரிலும் என் மச்சான் மினிகாப்பாக ஓட்டிய பெற்றோல் காரிலும் ஒரே கம்பனியின் ஒரே 5டபிள்யூ-30 ஒயில்தான் ஊற்றியிருந்தோம். இரண்டு மாதிரிகளையும் ஒரே வாரத்தில் ஒரே ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். புதிய ஒயிலிலும் ஒரு போத்தல் ஒப்பிடுவதற்காக வைத்தோம்; அதன் பாகுநிலை 10.4, கார எண் 9.8.

என் காரின் ஒயில் பன்னிரண்டு மாதத்தில் 4,100 மைல் ஓடியது. எல்லாம் மேலே சொன்ன பள்ளிக்கூட, கடைத்தெருப் பயணங்கள். மச்சானின் ஒயில் மூன்று மாதத்தில் 9,000 மைல் ஓடியது. அவருக்குப் பெரும்பாலும் ஹீத்ரோ, கட்விக் விமானநிலைய ஓட்டம்.

அறிக்கை வந்தது. என் ஒயிலில் பெற்றோல் நாலு வீதம், பாகுநிலை 8.8. அதாவது 30இன் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. இரும்பு 23 பி.பி.எம்.; ஆயிரம் மைலுக்குக் கணக்குப் பார்த்தால் 5.6. மச்சானின் ஒயிலில் பெற்றோல் ஒரு வீதத்துக்கும் குறைவு, பாகுநிலை 9.9, இரும்பு 17, ஆயிரம் மைலுக்கு 1.9. என் காரின் ஒயில் பாதித் தூரம்கூட ஓடவில்லை. ஆனால் மைல் கணக்கில் அந்த எஞ்சின் மச்சானின் எஞ்சினைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இரும்பைக் கொட்டியிருந்தது. கார எண்ணில் மட்டும் நிலைமை மறுதலை: என்னுடையது 5.6, அவருடையது 4.7. அது இயல்பு. அவர் ஒயில் அதிக பெற்றோல் எரிவதைக் கண்டது. அமிலத்தோடு அதிகம் போராடியது. இருந்தும் பலம் பாதியளவில் மீந்திருந்தது.

மச்சான் அதுவரை 5,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது வருடத்தில் ஏழு தடவை, ஒயில் மாற்றுபவர். கார் கராஜில் நிற்கும் ஒவ்வொரு அரை நாளும் அவருக்கு வருமானம் இல்லாத அரை நாள். அவருடைய கையேட்டின் எல்லை 10,000 மைல். அறிக்கையைப் பார்த்த பிறகு 9,000க்கு மாறினார். வருடத்தில் மூன்று மாற்றங்கள் மிச்சம். அவருடைய பயம் நியாயமானதே. "எஞ்சின் போனா சோறும் போச்சு" என்பார். அந்தப் பயத்துக்கு ஒரு எண் கிடைத்தபோதுதான் அவரால் நிம்மதியாகத் தள்ளிப்போட முடிந்தது.

என் காருக்கு எதிர்த் திசையில் முடிவு: மைலைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது. இன்னொன்றும் செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போய்வருவோம். அதை விட்டு, ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குப் போகத் தொடங்கினோம். பள்ளிக்கூட அரை மைலைப் பிள்ளைகள் நடந்தார்கள். அடுத்த மாதிரியில், ஆறு மாதம், 2,300 மைல் ஓடியபின், பாகுநிலை 9.7, பெற்றோல் இரண்டு வீதத்துக்குக் கீழ், இரும்பு 9. ஆயிரம் மைலுக்கு 3.9. பிள்ளையார் கோபிக்கமாட்டார், ஆனால் ஒயிலைக் காப்பாற்றியது அம்மன் இருந்த தூரம்தான். அதைவிட அதிகமாகக் காப்பாற்றியது பிள்ளைகளின் கால்கள் என்றும் சொல்லலாம்.

டீசல் கார் வைத்திருப்போர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். அண்மைக்கால டீசல் கார்களில் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது நிரம்பும்போது மேலதிக டீசலைப் பாய்ச்சிக் கரியை எரிக்கும். பாதியில் எஞ்சினை நிறுத்தினால் எரிப்பு முடியாமல் மறுபடி மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்ச டீசல் ஒயிலில் இறங்கும். டீசல் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாகாது. டிப்ஸ்டிக்கில் ஒயிலின் மட்டம் கூடிக்கொண்டே வந்தால் மகிழவேண்டாம், மாற்றவேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை

அறிக்கை நல்லதாக இருக்க மாதிரி சுத்தமாக இருக்கவேண்டும். எஞ்சினைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கிய பின், அடியிலுள்ள ஆணியைக் கழற்றி, முதலில் வரும் ஒயிலைப் போகவிட்டு, நடுவில் வரும் தாரையைப் போத்தலில் பிடிக்கவேண்டும். முதலில் வருவதில் அடியில் படிந்த அழுக்கு இருக்கும். ஒயில் கை சுடும் அளவுக்கு இருக்கும், கவனம். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போகவும் கூடாது. கராஜில் மாற்றுவதானால் போத்தலைக் கொடுத்துப் பிடித்துத் தரச் சொல்லலாம். ஒயில் ஃபில்டரிலிருந்தோ வடித்த தட்டிலிருந்தோ எடுக்கக்கூடாது.

போத்தலோடு காரின் மொத்த மைல், இந்த ஒயில் ஓடிய மைல், மாதம், ஒயிலின் பெயர், இடையில் எவ்வளவு ஊற்றிச் சேர்த்தீர்கள் என்பவற்றை எழுதி அனுப்பவேண்டும். இடையில் ஒரு லீற்றர் புது ஒயில் ஊற்றியிருந்தால் எல்லா உலோகங்களும் குறைவாகத்தான் தெரியும். அதுபோல, எவ்வளவு வடித்தாலும் பழைய ஒயிலில் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். முந்திய ஓட்டத்தின் உலோகமும் அடுத்த அறிக்கையில் சிறிது தலைகாட்டும்.

இது சொல்லாதவை

எந்தப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. நிறமாலைமானி மிகச் சிறிய துகள்களையே நன்றாகக் காணும். ஐந்து பத்து மைக்ரோனுக்கு மேற்பட்டவை அதன் கண்ணில் சரியாகப் படுவதில்லை. பெயாரிங் திடீரென்று உடைந்து பெரிய சில்லுகளாக விழுந்தால், அறிக்கை ஒன்றும் நடக்காததுபோல் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் பழைய ஒயில் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளுக்குள் பார்ப்பது நல்லது. ரைமிங் சங்கிலியின் இறுக்கி பழுதாவது, ரப்பர்க் குழாய் வெடிப்பது போன்றவையும் ஒயிலில் எழுதியிருக்காது.

ஒரே ஒரு அறிக்கையை வைத்துத் தீர்ப்பும் சொல்லக்கூடாது. இரும்பு 20 என்பது ஒரு எஞ்சினுக்கு அதிகம், இன்னொன்றுக்குச் சாதாரணம். ஒரே காரின் இரண்டு மூன்று அறிக்கைகளை அடுக்கிப் பார்க்கும்போதுதான் பேச்சு தொடங்குகிறது. எண் ஒரே மட்டத்தில் போகிறதா, திடீரென்று ஏறுகிறதா என்பதே கேள்வி. வைத்தியர் பழைய இரத்த அறிக்கைகளைக் கேட்பது இதற்காகத்தான்.

காரின் முன்தட்டில் வரும் ஒயில் நினைவூட்டியைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான கார்களில் அது ஒயிலை அளப்பதில்லை. எஞ்சின் சுற்றிய தடவைகள், அதன் வெப்பநிலை போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடுகிறது. வெறும் மைல் கணக்கைவிட அது மேல். ஆனால் நீங்கள் ஊற்றிய ஒயில் எது, தூசி போகிறதா, கூலன்ட் கசிகிறதா என்பது அதற்குத் தெரியாது.

அப்படியானால் எப்போது மாற்றுவது?

முன்பு நிறுத்திய கேள்விக்கு வருகிறேன். நாலு லீற்றர் ஒயிலுக்கு ஒவ்வொரு முறையும் பரிசோதனை செய்வது வீண். ஆனால் உங்கள் காரும் உங்கள் வாழ்க்கையும் சேர்ந்து ஒயிலை என்ன செய்கின்றன என்பதை அறிய இரண்டு அல்லது மூன்று பரிசோதனை போதும். அதன்பின் வாழ்க்கை முறை மாறும்வரை அந்த இடைவெளியையே பின்பற்றலாம். பழைய கார் வாங்கியவருக்கு, வாங்கிய கையோடு ஒயிலை மாற்றி, சில ஆயிரம் மைலில் ஒன்று அனுப்பிப் பார்ப்பது, எஞ்சினைக் கழற்றாமல் உள்ளே எட்டிப்பார்ப்பதற்குச் சமம்.

பரிசோதனை செய்யாதவர்களுக்கு என் எளிய வழி இது. கையேட்டில் கடின ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு இடைவெளி சொல்லியிருக்கும். பெரும்பாலான பயணங்கள் ஐந்து மைலுக்குக் குறைந்தவையானால் நீங்கள் அந்தக் கடின ஓட்டக்காரர்தான். மைல் எவ்வளவு குறைவானாலும் வருடத்தைத் தாண்டவேண்டாம். குளிர்காலம் முழுதும் குறும்பயணமே என்றால் ஆறு மாதம். நீண்ட பயணக்காரர் கையேட்டின் எல்லைவரை அச்சமின்றிப் போகலாம். உத்தரவாதம் உள்ள காரில், அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், கையேட்டின் எல்லையைத் தாண்டவேண்டாம். ஆய்வுகூடத்தின் தாள் உத்தரவாதத்தை மீட்டுத் தராது.

காசில்லாத ஒரு சோதனையும் உண்டு. சூடான எஞ்சினின் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு துளியைக் கோப்பி வடிக்கும் கடதாசியில் விட்டு, ஒரு நாள் தட்டையாக வைத்துவிடுங்கள். கறை சீராகச் சாம்பல் நிறத்தில் பரந்தால் ஒயில் இன்னும் கரியைச் சுமக்கிறது. நடுவில் தார்போல் கறுத்து, ஓரம் கூர்மையாக நின்றுவிட்டால் அந்தப் பலம் போய்விட்டது. ஓரம் நெளிந்து பிசிறாக இருந்தால் நீரைச் சந்தேகிக்கலாம். கறுப்புக்கு வெளியே அகன்ற வெளிறிய வளையம் இருந்தால் எரிபொருளை. கரி அதிகமுள்ள டீசல் ஒயிலில் இது தெளிவாகத் தெரியும். இது ஆய்வுகூடத்துக்கு ஈடல்ல. விரலால் தேய்த்துப் பார்ப்பதைவிட நல்லது.

மாற்றிய பழைய ஒயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் நாம் இவ்வளவு நேரம் எண்ணிய உலோகங்கள் எல்லாம் இருக்கின்றன. தெருவோர வடிகாலில் ஊற்றுவது சட்டப்படி குற்றம். அந்த நீர் போய்ச் சேருவது ஆற்றில், மோர்டன் ஹோல் பூங்கா ஊடாக ஓடும் வாண்டில் போன்ற ஓர் ஆற்றில். வீட்டில் மாற்றுபவர்கள் பழைய ஒயிலை மூடியுள்ள கலனில், வேறெதுவும் கலக்காமல், மோர்டன் கார்த் வீதியிலுள்ள மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.